பதினாலாம் இடத்தில் நின்ற வண்டி

பதிமூன்றாயிரத்து இருநூறு ரூபாய். தும்பெகெரெ நகராட்சிக்கு ஹொன்னம்மா தர வேண்டிய பாக்கி இது. எங்கள் நகராட்சியிடம் தெருவிளக்கு எத்தனை எரிகிறது என்று கேட்டால் பதில் வராது. குடிதண்ணீர் எந்தக் கிழமை வரும் என்று கேட்டால் வானத்தைக் காட்டுவார்கள். ஆனால் வண்டி நிறுத்தின அபராதக் கணக்கு மட்டும் ரூபாய் பிசகாமல் வரும்.

"அஞ்சு மணிக்குள்ள கட்டலேன்னா வண்டிய இழுத்துட்டுப் போயிடுவாங்களாம் மேடம்," என்றாள் ஹொன்னம்மா. கையில் இருந்த சீட்டு வியர்வையில் ஊறிக் கூழாகிக்கொண்டிருந்தது. "இழுத்தா அப்புறம் ஏலம்தானாம்."

மணி இரண்டேகால்.

"உக்காருங்கம்மா. முதல்லேர்ந்து சொல்லுங்க," என்றார் பாகீரதி மேடம்.

மேடம் இருபத்தாறு வருஷம் அரசு பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். ஓடுகிற பஸ்ஸில் ஏறி, அறுபது முகத்தில் டிக்கெட் எடுக்காத முகம் எது என்று வாசப்படியிலேயே சொல்லிவிடுவார். ஓய்வு பெற்றதும் ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் நிலையம் போட்டார். நான் நிங்கப்பா. இருபத்திரண்டு வருஷம் தார் ரோடு போட்டேன். ரோடு நிமிர்ந்தது, முதுகு வளைந்தது. இப்போது மேடத்துக்கு உதவியாள். விசிட்டிங் கார்டில் என் பேருக்குக் கீழே 'துணைத் துப்பறிவாளர்' என்று போட்டிருக்கிறது. சம்பளத்தில் அது தெரியாது.

ஹொன்னம்மா சொன்னது இதுதான். ரிங் ரோடு பக்கம் அபார்ட்மெண்ட் கட்டுகிற இடத்தில் எண்பத்திரண்டு கூலியாட்களுக்கு மதியம் களியும் கீரைச் சாறும் இவள் கை சமையல். தினமும் பத்தரைக்குத் தன் குட்டி யானையில், அதாவது அந்தச் சின்ன சரக்கு வண்டியில், பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு கிளம்புவாள், மூன்றுக்குத் திரும்புவாள். இன்றைக்கு வெங்காயம் தீர்ந்துவிட்டது. சந்தைத் தெருவில் வண்டியை ஒழுங்காகக் கோட்டுக்குள், ஒன்பதாம் நம்பர் இடத்தில் நிறுத்தி, ஒழுங்காகப் பத்து ரூபாய் கொடுக்கப் போனாள். வண்டி நம்பரைப் பார்த்ததும் வசூல் மெஷின் கத்தியது. முப்பத்து மூன்று நாள் அபராதம், நாளுக்கு நானூறு. சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

"நான் அந்தத் தெருவுக்கு வண்டிய கொண்டு போனதே இன்னைக்குத்தான் மேடம். முப்பத்து மூணு நாளா பதினாலாம் நம்பர் இடத்துல நின்னுச்சுங்கறாங்க. அந்த நேரத்துல என் வண்டி ஒம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும். எண்பத்திரண்டு பேர் சாட்சி."

"இன்னைக்கு சாப்பாடு?"

"ரெண்டு ஆட்டோ பிடிச்சு அனுப்பிட்டேன். வெங்காயம் இல்லாமத்தான். நாளைக்கும் இப்படின்னா வேற ஆளப் பாத்துக்குவேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. வண்டி போச்சுன்னா அடுப்பு போச்சு."

"அபராதம்னு போன்ல மெசேஜ் வரலியாக்கா?" என்றேன்.

"தினம் வந்துச்சுப்பா. நானூறு ரூபா கட்டு, இங்க அமுக்குன்னு. அமுக்கினா பேங்க்ல இருக்கறதெல்லாம் போயிடும்னு என் மக சொல்லிருக்கா. எனக்கு கார் பரிசு விழுந்திருக்குன்னு வந்த மெசேஜ் பக்கத்துலயே இதுவும் கெடக்கு."

"ரெண்டுல எது நிஜம்னு கண்டுபிடிக்கறது ரொம்ப சுலபம். எதுல நமக்கு நஷ்டமோ அது நிஜம்," என்றேன்.

மேடம் என்னை முறைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். "பீஸ், ஒரு வாரம் மதியச் சாப்பாடு. ரெண்டு பேருக்கு. வெங்காயத்தோட."

*

நகராட்சி வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு. 'பொது இடம் பொதுமக்களுக்கே. முதலில் வருபவருக்கு முதல் இடம். இரண்டு மணி நேரம் பத்து ரூபாய். மேற்பட்டால் நாளொன்றுக்கு நானூறு ரூபாய். அனைவரும் சமம்.' அதற்குக் கீழே, குனிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற எழுத்தில், 'விலக்குப் பெற்ற வண்டிகளின் பட்டியல் உள்ளே உள்ளது.'

அனைவரும் சமம்தான். சிலர் உள்ளே சமம்.

போர்டைக் குறை சொல்லக்கூடாது. இந்தத் திட்டத்துக்கு முன்னால் சந்தைத் தெரு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். ஊரில் ஐந்து கார் இருந்த காலம் போய், ஒரு வீட்டுக்கே இரண்டு என்று ஆகிவிட்டது. வீட்டு முன்னால் இருக்கிற பொது ரோட்டைத் தன் சீதனம் என்று நினைத்து ஆளாளுக்குப் பூந்தொட்டி வைத்தார்கள், உடைந்த ஆட்டுக்கல் வைத்தார்கள், பழைய டயர் வைத்தார்கள். ஒருத்தர் துளசிச் செடியே வைத்துவிட்டார், யாரும் நகர்த்த மாட்டார்கள் என்று. கடைக்கு வருகிறவன் வண்டியைத் தலையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம்தான் பார்க்கிங் நியாயக் குழு என்று ஒன்று வந்தது, நாற்பது இடத்துக்கு வெள்ளைக் கோடு போட்டார்கள். கோடு போட்ட கூலிகளில் நானும் ஒருத்தன். கடைசி இரண்டு நாள் கூலி இன்னும் வரவில்லை. அதற்கு மெஷின் கத்தாது.

நியாயக் குழுவின் செயலாளர் சிவருத்ரப்பா எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை. நியாயமான மனுஷன், இரண்டு பக்கமும் சமமாக மரியாதை குறைத்தார்.

"மேடம், மெஷின் பொய் சொல்லாது," என்றார்.

"மெஷின் பேசினா நான் ஏன் சார் உங்க கிட்ட வரேன்? போட்டோ இருக்கா?"

கணினியைத் திருப்பினார். தினம் பகல் பதினோரு மணிக்கு ஒரு போட்டோ, ஒன்றரைக்கு ஒரு போட்டோ. ஞாயிறும் பண்டிகை விடுமுறையும் மட்டும் இல்லை. எல்லாவற்றிலும் ஒரே படம். மஞ்சள் நம்பர் பிளேட், அதில் கறுப்பில் கொட்டை எழுத்து. கடைசி நாலு எண், 3417.

"பிளேட் மட்டும்தான் இருக்கு. வண்டி எங்க?"

"பிளேட்ட மட்டும் எடுத்தா போதும்னு உத்தரவு. முழு வண்டியும் எடுத்தா போட்டோ பெருசாகி மெஷின் தடுமாறுது."

"ஹொன்னம்மாவோட நம்பர் இதான்," என்றேன் நான், உதவியாக. மேடம் என் காலை மிதித்தார்.

"அந்த மூணுக்குப் பக்கத்துல சிவப்பா ஏதோ தெரியுதே," என்றார் மேடம்.

"துருவா இருக்கும்."

"ரத்தமா இருக்கும் மேடம்," என்றேன். எங்கள் தொழிலில் இதுவரை ரத்தமே வரவில்லை. இந்த ஆறு மாசத்தில் காணாமல் போன மாடு, காணாமல் போன மாப்பிள்ளை, இவைதான் வந்தன.

மேடம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு அருகே குனிந்து பார்த்தார். "குங்குமம். முதல் சீட்டு என்னைக்கு போட்டது சார்?"

செயலாளர் தேதியைச் சொன்னார். நான் விரல் விட்டு எண்ணினேன். ஆயுத பூஜை முடிந்து, விஜயதசமி முடிந்து, அதற்கு மறுநாள் காலை.

"ஹொன்னம்மா தன் வண்டிக்குப் பூஜை போட்டுருப்பா. குங்குமம் வச்சிருப்பா. இதுல துப்பறிய என்ன இருக்கு?" என்றார் சிவருத்ரப்பா.

"சந்தைத் தெருவுல அவ வண்டி பூட்டுப் போட்டு நிக்குது சார், வர்ற வழில பாத்தேன். பிளேட் தட்டு மாதிரி பளபளங்குது. சோறு ஏத்தற வண்டி, தினம் கழுவறா."

"மாட்டிக்கிட்டதும் கழுவிருப்பா."

"நேத்து மத்தியானம் ஒன்றரை வரைக்கும் மாட்டிக்கவே இல்லியே சார். அப்ப எடுத்த போட்டோலயும் குங்குமம் இருக்கு." மேடம் கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார். "இன்னைக்கு போட்டோவக் காட்டுங்க."

சிவருத்ரப்பா தட்டினார். மறுபடி தட்டினார். "இன்னைக்கு... பதினாலாம் இடத்துக்கு எதுவும் பதிவாகல."

"முப்பத்து மூணு வேலை நாள் விடாம வந்த வண்டி, ஹொன்னம்மா வந்த அன்னைக்கு மட்டும் வரல. சரியான ரோஷக்கார வண்டி," என்றேன்.

"அவ வண்டிதான் ஒம்பதுல இருக்கே, பதினாலுல எப்படி இருக்கும்?" என்றார் செயலாளர், வென்றுவிட்ட முகத்தோடு. "அஞ்சு மணிக்கு இழுக்கறோம். நியாயம்னா நியாயம்."

*

சந்தைத் தெருவில் மணி மூன்றேகால். ஒன்பதாம் இடத்தில் ஹொன்னம்மாவின் குட்டி யானை, முன் சக்கரத்தில் மஞ்சள் பூட்டோடு, கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி நின்றது. மேடம் அதன் நம்பர் பிளேட்டை விரலால் தடவிப் பார்த்தார். விரலில் தூசி கூட ஒட்டவில்லை.

பதினாலாம் இடத்துக்குப் போனோம். அங்கே கொக்கிக் கட்டையைப் பின்னால் நீட்டிக்கொண்டு நகராட்சியின் இழுவை வண்டி நின்றிருந்தது. ஐந்து மணிக்கு இழுக்க வேண்டியதற்கு மூன்று மணிக்கே வந்து காத்திருக்கிறது. நம் ஊரில் அரசாங்கம் நேரத்துக்கு முன்னால் வந்து நிற்பது இந்த ஒரு காரியத்துக்குத்தான். ஓட்டுநர் முனிராஜு கால்களை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு தூங்கினார். கடமை உணர்ச்சியில் குறட்டை வேறு.

"ஆள் உஷாராயிட்டான் மேடம்," என்றேன். முதுகு வலித்தது. இழுவை வண்டியின் மேல் சாய்ந்துகொண்டேன். "இழுவை வண்டி வர்றதப் பாத்துட்டு, களவாணிப் பய வண்டிய எடுத்துட்டு ஓடிருக்கான். அவன் வண்டில ஹொன்னம்மா நம்பர் மாட்டிருக்கான். கள்ள நம்பர். பெரிய கும்பல். பெங்களூர் வரைக்கும் போகும் பாருங்க."

"போகும், போகும். நீ முதல்ல ரெண்டு அடி போய் பை-டூ காபி சொல்லு."

ஒரு காபியை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது, மேடம் இழுவை வண்டியின் பின்னால் குனிந்து, கீழே விழுந்த கண்ணாடிக் கூட்டைத் தேடிக்கொண்டிருந்தார். எடுத்து, தட்டி, இடுப்பில் செருகிக்கொண்டார்.

"நிங்கப்பா, ஒண்ணு சொல்லு. பூஜை போட்டு முப்பத்தஞ்சு நாளைக்கு மேல ஆச்சு. இத்தனை நாளா வண்டிய கழுவாதவன் யாரா இருப்பான்?"

"கல்யாணம் ஆகாதவன். கஞ்சன். இல்லேன்னா கல்யாணம் ஆன கஞ்சன்."

"சொந்த வண்டின்னா மூணாம் நாள் கழுவிடுவான். வாடகை வண்டின்னா, வாடகைக்கு எடுக்கறவன் மூஞ்சியச் சுளிப்பான்னு பத்தாம் நாள் கழுவிடுவான். முப்பத்தஞ்சு நாள் கழுவாம வச்சிருக்கணும்னா, அந்த வண்டியப் பாத்து யாரும் மூஞ்சியச் சுளிக்க முடியாத வண்டியா இருக்கணும்."

"எம்.எல்.ஏ. வண்டியா?"

"அது தினம் கழுவுவாங்க. இன்னொண்ணு. குங்குமம் வைக்கறியே, வெறும் தகரத்துல வைப்பியா?"

"யாராவது வைப்பாங்களா? ஒட்டாதே. முதல்ல மஞ்சளோ சந்தனமோ குழைச்சு அப்பணும். அது மேலதான் குங்குமம்."

"அந்தப் போட்டோல குங்குமம் மட்டும் அந்தரத்துல நிக்குது. அதுக்கு அடில இருக்க வேண்டிய மஞ்சள் எங்க போச்சு?"

எனக்கு எப்படித் தெரியும்? நான் காபியைக் குடித்தேன்.

வசூல் மெஷினைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு லோகேஷ் மூன்றாவது தடவையாக எங்களைத் தாண்டிப் போகப் பார்த்தான். முப்பது வயது இருக்கும். இந்தத் தெருவின் நாற்பது இடத்துக்கும் அவன்தான் காவல், அவன்தான் வசூல். ஒவ்வொரு அபராதச் சீட்டுக்கும் அவனுக்கு ஐந்து ரூபாய் படி.

"லோகேஷ், கொஞ்சம் நில்லுப்பா," என்றார் மேடம். அந்தக் குரல் எனக்குத் தெரியும். பஸ்ஸில் 'டிக்கெட்டை எடுங்க' என்கிற குரல். "இன்னைக்கு பதினாலுக்கு ஏன் சீட்டுப் போடல?"

"மறந்துட்டேன் மேடம்."

"முப்பத்து மூணு நாள் ஞாபகம் இருந்துச்சு. இன்னைக்குப் பதினோரு மணிக்கு அஞ்சு நிமிஷம் முன்னால, ஒம்பதாம் இடத்துல 3417ன்னு நம்பர் வச்ச வண்டிய கண்ணால பாத்த. அப்புறம்தான் மறந்துச்சு. இல்லியா?"

லோகேஷ் சுற்றிலும் பார்த்தான். இழுவை வண்டிக்குள் குறட்டை ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது. அவன் குரல் தாழ்ந்தது.

"மேடம், என்ன விட்டுடுங்க. நான் அந்த வண்டியப் பத்திப் பேச மாட்டேன். பேசினா சாயங்காலம் என் ஸ்கூட்டர் இருக்காது."

சொல்லிவிட்டு, காய்கறி கூடைகளுக்கு நடுவில் ஓடியே போய்விட்டான்.

"கேட்டீங்களா மேடம்! ஸ்கூட்டர் திருட்டுக் கும்பல்! நான் சொல்லல? போலீசுக்குப் போயிடலாம்."

"போகலாம். அதுக்கு முன்னாடி ஒரு செம்புத் தண்ணி, நாலு செண்டுமல்லிப் பூ, ஒரு கற்பூரக் கட்டி வாங்கிட்டு வா."

"கும்பலப் பிடிக்கறதுக்கா?"

"வாங்கிட்டு வாய்யா."

இருபத்தெட்டு ரூபாய் ஆயிற்று. செம்பு கடன் வாங்கினது. கணக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

*

ஐந்து மணிக்குச் சந்தைத் தெருவில் கூட்டம் கூடிவிட்டது. இழுக்கிற வண்டி தன்னுடையது இல்லை என்றால் அதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஹொன்னம்மா தன் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டிக்குள் காலிப் பாத்திரங்கள். சிவருத்ரப்பா பேரேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். முனிராஜு எழுந்து, முகம் கழுவி, தலை சீவி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இறங்கினார்.

"கடைசியா கேக்கறேன். பதிமூணாயிரத்து இருநூறு கட்டறியாம்மா?"

"நான் நிறுத்தாத வண்டிக்கு நான் ஏன் சாமி கட்டணும்?"

"முனிராஜு, கொக்கியப் போடு."

"ஒரு நிமிஷம் சார்," என்றார் மேடம். "இழுக்கறதுக்கு முன்னால இழுவை வண்டிக்கு ஒரு சின்ன பூஜை. நல்ல காரியம் செய்யப் போகுது, கற்பூரம் காட்டாம அனுப்பினா நல்லா இருக்காது."

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. ஆனால் கற்பூரம் கொளுத்தியாகிவிட்டது. கற்பூரம் எரிகிற இடத்தில் எங்கள் ஊரில் யாரும் 'ஏன்' என்று கேட்க மாட்டார்கள். முனிராஜு தன்னை அறியாமல் கை கூப்பினார். செயலாளரும் பேரேட்டோடு சேர்த்துக் கூப்பினார்.

மேடம் வண்டியின் பின்பக்கம் போனார். நீட்டின கொக்கிக் கட்டைக்குக் கீழே, வெயிலோ மழையோ படாத மறைவில், மஞ்சள் நம்பர் பிளேட்.

"செயலாளர் சார், இங்க வந்து நம்பரைச் சத்தமா படிங்க."

சிவருத்ரப்பா குனிந்தார். "மூணு... நாலு... ஒண்ணு... ஏழு." படித்து முடித்த பிறகுதான் அவர் வாய் படித்ததை அவர் காது கேட்டது. "மூணா? இது எப்படி 3417 ஆகும்? ஹொன்னம்மா வண்டி அங்கல்ல இருக்கு?"

"நம்பர் மேல கை வைக்காதீங்க!" என்று முனிராஜு பாய்ந்து வந்தார். "பூஜை பண்ணின சந்தனம் மேடம் அது. என் சம்சாரம் கையால வச்சது. அடுத்த பூஜை வரைக்கும் துடைக்கக்கூடாது."

"துடைக்கல முனிராஜு அவரே. யாராவது துடைப்பாங்களா? அபிஷேகம் பண்றோம்." மேடம் செம்பை ஹொன்னம்மாவிடம் நீட்டினார். "ஊத்துங்கம்மா."

அபிஷேகத்தைத் தடுக்கிற தைரியம் முனிராஜுவுக்கு இல்லை. ஹொன்னம்மா மெல்ல ஊற்றினாள். மேடம் செண்டுமல்லியால், அர்ச்சனை செய்கிற பக்தியோடு, நன்றாக அழுத்தித் தேய்த்தார். முதலில் சிவப்பு கரைந்து ஓடியது. அப்புறம் மஞ்சள். மஞ்சள் பிளேட்டில் காய்ந்து இறுகியிருந்த மஞ்சளும் சந்தனமும், ஒரு மாசமாக எவன் கண்ணுக்கும் தெரியாத அந்த அப்பல், கட்டி கட்டியாக உதிர்ந்தது. மூன்றுக்கு இடது பக்கத்தில் ஒரு கறுப்பு வளைவு வந்தது. அதற்குக் கீழே இன்னொன்று.

"இப்ப படிங்க சார்."

செயலாளர் படிக்கவில்லை. வெங்காயக் கடைக்காரர் படித்தார். "எட்டு! எண்பத்தி நாலு பதினேழு!"

தெருவே 'எட்டு, எட்டு' என்றது. நான் மூன்று மணியிலிருந்து எதன் மேல் சாய்ந்து முதுகு ஆற்றிக்கொண்டிருந்தேனோ அதுதான் நான் தேடின பெங்களூர் கும்பல்.

"லோகேஷுக்கு ஸ்கூட்டர் இருக்காதுன்னா என்ன அர்த்தம் நிங்கப்பா? திருடினாத்தான் வண்டி காணாமப் போகுமா?" என்றார் மேடம். "இழுத்துட்டுப் போனாலும்தான்."

கூடைகளுக்குப் பின்னாலிருந்து லோகேஷ் தலையை நீட்டினான். "பூஜைக்கு முன்னால இத காட்டினா மெஷின் 'விலக்கு'ன்னு சொல்லும் மேடம். பூஜைக்கு அப்புறம் 'அபராதம்'னு சொல்லுச்சு. மெஷினே சொல்லுது, நான் யாரு குறுக்க பேச? சீட்டுக்கு அஞ்சு ரூபா. அந்தக்கா வண்டி வர்ற வரைக்கும் இது யாரோட நம்பர்னு எனக்கு சத்தியமா தெரியாது."

"பகல் பூரா இந்த வண்டி இங்க ஏன் நிக்குது?" என்று ஹொன்னம்மா கேட்டாள். நேரான கேள்வி. அதனாலேயே யாருக்கும் இதுவரை தோன்றவில்லை.

"யார்டுல இடம் இல்லீங்க," என்றார் முனிராஜு. "இழுத்துட்டு வந்த வண்டிங்களே ரொம்பிப் போச்சு."

ஊர் முழுக்க இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற வண்டிகளை இழுத்து, இழுக்கிற வண்டிக்கே இடம் இல்லாமல், அது வந்து ஊர் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. இதற்குப் பேர்தான் திட்டம்.

"முப்பத்தஞ்சு நாளா கழுவக்கூட இல்லியாய்யா?" செயலாளர் கோபத்தை யார் மேலாவது இறக்க வேண்டியிருந்தது.

"கான்ட்ராக்ட்ல ஓட்டறது மட்டும்தான் சார் என் வேலை. கழுவறது நகராட்சி."

"கழுவறது கான்ட்ராக்டர்!"

"அவரு நகராட்சிங்கறாரு."

சிவருத்ரப்பா மூச்சை இழுத்து, முகத்தில் நியாயத்தைத் திரும்ப ஒட்ட வைத்துக்கொண்டார். "சரி. எட்டுன்னா இது விலக்குப் பட்டியல்ல இருக்கற வண்டி. அப்ப அபராதமே கிடையாது. முடிஞ்சுது. எல்லாரும் போங்க."

"பட்டியல் கைல இருக்கா சார்?" மேடம் கையை நீட்டினார். டிக்கெட் கேட்கிற அதே கை. செயலாளர் பேரேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். மேடம் விரல் வைத்துப் படித்தார். "'நகராட்சிப் பணியில் இருக்கும் நேரத்தில் மட்டும்.' முனிராஜு அவரே, உங்க பணி நேரம் என்ன?"

"சாயங்காலம் அஞ்சுலேர்ந்து எட்டு மேடம்," என்றார் அந்த உத்தமர். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பகல் பதினொண்ணுலேர்ந்து ஒன்றரை வரைக்கும் தூங்கறதுக்கு விலக்கு இல்ல. பதிமூணாயிரத்து இருநூறு ரூபா நிஜமான பாக்கிதான். ஆள்தான் வேற."

"அப்ப பத்துச் சீட்டுக்கு மேல ஆன வண்டிய இழுக்கணும்னு விதி இருக்கே!" என்று வெங்காயக் கடைக்காரர் கத்தினார். "இழுங்க சாமி!"

"எதை வச்சு இழுக்கறது?" என்றார் செயலாளர், பரிதாபமாக.

கூட்டம் சிரித்த சிரிப்பில் புறாக்கள் பறந்தன. முனிராஜு கொக்கியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். ஒரு நொடி உண்மையிலேயே யோசித்தார் என்று நினைக்கிறேன்.

சிவருத்ரப்பா பேனாவைத் திறந்தார். ஹொன்னம்மாவின் பக்கத்தைப் புரட்டி, 'தள்ளுபடி' என்று எழுதத் தொடங்கினார்.

"சார்," என்றாள் ஹொன்னம்மா. "தள்ளுபடின்னா நான் கடன்காரி, நீங்க போனாப் போகுதுன்னு விட்டதா ஆயிடும். நான் யாருக்கும் கடன்பட்டவ இல்ல. அடிச்சுட்டு, 'தவறான பதிவு'ன்னு எழுதுங்க."

செயலாளர் அவளைப் பார்த்தார். முதல் தடவையாக. அடித்தார். 'தவறான பதிவு' என்று எழுதினார். தேதி போட்டார், கையெழுத்துப் போட்டார். லோகேஷ் குனிந்து சக்கரத்துப் பூட்டைக் கழற்றினான்.

இழுவை வண்டிக்கு ஒரு புதுப் பக்கம் திறந்து, அந்தப் பதிமூன்றாயிரத்து இருநூறை அங்கே ஏற்றினார்கள். நகராட்சி நகராட்சிக்குத் தர வேண்டிய பாக்கி. அடுத்த வரியிலேயே 'வாராக்கடன், தள்ளுபடி' என்று எழுதினார் சிவருத்ரப்பா. இந்தத் தடவை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதில் அவருக்குப் பழக்கம் உண்டு போலிருக்கிறது.

"வண்டி எப்ப நகரும்?" என்றார் மேடம்.

"எங்க நிறுத்தறது மேடம்?"

"உங்க ஆபீஸ் வாசல்ல, உங்க காருக்குப் பக்கத்துல நிறைய இடம் இருக்கு."

முனிராஜு வண்டியைக் கிளப்பினார். கூட்டம் வழிவிட்டது. அடுத்த நொடியே பதினாலாம் இடத்துக்கு நாலு பக்கத்திலிருந்தும் ஹாரன்.

ஹொன்னம்மா வெங்காயம் வாங்கி முடித்து, ஒன்பதாம் இடத்துக்குத் திரும்பி வந்தாள். வண்டியை எடுப்பதற்கு முன்னால் லோகேஷிடம் பத்து ரூபாய்த் தாளை நீட்டினாள்.

"வேணாங்கக்கா. காலைலேர்ந்து பூட்டிப் போட்டது நாங்கதானே."

"காலைல நின்னேனில்ல? பிடி. சீட்டு குடு."

லோகேஷ் குனிந்து அவள் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்தான். எடுத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று, முதல் எண்ணைக் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்தித் தேய்த்துப் பார்த்தான்.

மூன்று மூன்றாகவே இருந்தது. மெஷின் சீட்டைத் துப்பியது. செலுத்தியது பத்து ரூபாய். பாக்கி இல்லை.